சிவகாமியைத் தேடிப் போய் கொம்மையைப் பார்த்த கதை

போன மாதம் 'சிவகாமியின் சபதம்' நாவலை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். முதல் முறை படித்தது இன்ஜினியரிங் இரண்டாம் வருட லீவில். அம்மா பைண்டு பண்ணி பரணில் வைத்திருந்த பழைய தொகுப்பு அது. அப்போது எனக்கு ஹீரோ மாமல்லர்தான். இரண்டாவது முறை முப்பது வயதில். கல்வெட்டுப் பைத்தியம் பிடித்திருந்த சமயம். கதையை விட்டுவிட்டு, எந்த வரிக்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தேன். அது படிப்பே இல்லை, கோட் ரிவ்யூ மாதிரி ஒன்று.

இந்த முறை படிக்க வைத்தது என் பெண். ப்ளஸ் டூ முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் நான்கு பாகத்தையும் ஒரு வாரத்தில் முடித்துவிட்டு, சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, அந்தப் பொண்ணு ஒன்பது வருஷம் எதிரி ஊர்ல உட்கார்ந்துட்டு இருக்கா. இவர் இங்க பாண்டிய ராஜகுமாரியைக் கட்டிக்கிட்டு ரெண்டு குழந்தையும் பெத்துக்கறார். இதைப் போய் காதல் கதைன்னு சொல்றீங்களே?"

ராஜாங்கக் காரணம், மகேந்திரவர்மரின் கட்டாயம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை.

"சரி, சிவகாமி நிஜமா இருந்தவளா?"

"இல்லம்மா. கல்கியோட கற்பனை."

"அப்போ அந்தக் காலத்துல நிஜமா இருந்த ஒரு பொண்ணு பேராவது தெரியுமா உங்களுக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பல்லவர்களைப் பற்றி இத்தனை வருடமாக எழுதுகிறேன். குணபரன், சத்ருமல்லன், லளிதாங்குரன், விசித்திரசித்தன் என்று மகேந்திரனின் பட்டப்பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு பெண்ணின் பெயர் நாக்கில் வரவில்லை. இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு நான் தேடிக் கொடுத்த பதில். நாவலைப் பற்றிய என் எண்ணங்களும் அதோடு கலந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எது கல்லில் இருக்கிறது

நாவல் கல்கி இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த ஒரு இரவில்தான் இந்தக் கதை மனதில் தோன்றியதாகக் கல்கியே முன்னுரையில் சொல்கிறார். கல்கி காற்றில் கோட்டை கட்டவில்லை. ஹுல்ட்ஷ் தொகுத்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-ல் வந்தது. மகேந்திரவர்மனின் 'மத்தவிலாசப் பிரகசனம்' திருவனந்தபுரத்தில் 1917-ல்தான் அச்சேறியது. பல்லவர் வரலாறு என்று தனியாக ஒரு புத்தகத்தை ஆர். கோபாலன் எழுதியது 1928-ல். கல்கி எழுத உட்கார்ந்தபோது பல்லவர் ஆய்வு இன்னும் சூடு ஆறாத விஷயம்.

போர்க் கதையின் எலும்புக்கூடு முழுக்க ஆதாரத்தில் நிற்கிறது. 634-35-ஐச் சேர்ந்த ஐஹொளே கல்வெட்டில், புலிகேசி பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிய வைத்ததாக ரவிகீர்த்தி பெருமை பேசுகிறார். இந்தப் பக்கம் கூரம் செப்பேடு, நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியை முதுகு காட்டி ஓட வைத்து, அந்த முதுகையே ஏடாக்கி வெற்றி என்று எழுதினான் என்கிறது. இந்த மணிமங்கலம் தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதே மணிமங்கலம்தான். நாவலிலும் வருகிறது. வாதாபியிலேயே ஒரு பாறையில் நரசிம்மவர்மனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சிதைந்த நிலையில் இருக்கிறது. பரஞ்சோதி யார் என்பதற்குப் பெரியபுராணத்தின் சிறுத்தொண்டர் கதை இருக்கிறது.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒன்று உண்டு. திருக்கழுக்குன்றத்தில், மலைமேல் இல்லை, அடிவாரத்துப் பெரிய கோயிலில், ஆதித்த சோழனின் 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கந்தசிஷ்யன் கொடுத்து, அதன்பின் வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் தொடர்ந்து நடத்திய பழைய தானத்தை நான் புதுப்பிக்கிறேன் என்கிறான் சோழன். வாதாபி விழுந்து சுமார் 250 வருடம் ஆகிவிட்டது, ஆளும் வம்சமே மாறிவிட்டது, ஆனாலும் ஒரு கோயில் நிலக் கணக்கில் "வாதாபி கொண்ட" என்ற அடைமொழி அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும் இடம் இது.

ஆக மகேந்திரன், மாமல்லன், பரஞ்சோதி, புலிகேசி, நாவுக்கரசர் எல்லோருக்கும் ஆதாரம் இருக்கிறது. சிவகாமி, ஆயனர், நாகநந்தி மூன்று பேருக்கும் இல்லை. எங்கள் வேலை பாஷையில் சொன்னால், கல்கி டேபிளில் காலியாக இருந்த ஃபீல்டுகளை மட்டும்தான் நிரப்பியிருக்கிறார். இருந்த டேட்டாவைப் பெரும்பாலும் கலைக்கவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் ஆய்வு நாவலைத் தாண்டிப் போய்விட்டது. நாவலில் மாமல்லபுரச் சிற்பப் பணி மகேந்திரன் காலத்திலேயே நடக்கிறது. 1962-ல் இரா. நாகசாமி, மாமல்லபுரத்துச் சின்னங்கள் எல்லாமே ராஜசிம்மன் காலத்தவை என்று வாதிட்டார். ராஜசிம்மன் மாமல்லனின் கொள்ளுப் பேரன். நாகசாமி சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு மூன்று தலைமுறை வேலை என்பவர்களே அதிகம். கடற்கரைக் கோயில் ராஜசிம்மனுடையது என்பதில் மட்டும் பெரிய சண்டை இல்லை.

இது எந்தக் காலத்துக் காதல்?

இந்த முறை படிக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. போர் ஏழாம் நூற்றாண்டுப் போர். காதல் மட்டும் 1944-ன் காதல்.

காஞ்சி முற்றுகையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி வருகிறான், கோட்டைக் கதவு மூடப்போகிறது, யார் உள்ளே, யார் வெளியே, தானியம் எத்தனை மாதம் வரும். அன்றைய வாசகருக்கு இதெல்லாம் சரித்திரமே இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் மெட்ராஸ் பாதி காலியானது. எங்கள் பாட்டி அப்போது சின்னப் பெண். திருவல்லிக்கேணியிலிருந்து பெட்டி படுக்கையோடு செங்கல்பட்டுக்கு வந்து இறங்கிய கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தலைமுறை வாரா வாரம் காஞ்சி முற்றுகையைப் படித்தபோது பரஞ்சோதியை மட்டும் பார்த்திருக்காது. மூட்டை கட்டிக்கொண்டு நின்ற தன்னையும் பார்த்திருக்கும்.

சிவகாமியும் அப்படித்தான். அவள் ஒரு சிற்பியின் மகள், நாட்டியக்காரி. அரங்கேற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே போர்ச் செய்தி வந்து ஆட்டம் பாதியில் நிற்கிறது. முழுக் கதையும் அந்த நின்றுபோன ஆட்டம்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நாட்டியம் ஆடும் பெண்ணுக்குக் கல்யாணம் உண்டா, பெரிய இடத்துப் பையன் அவளைக் கட்டிக்கொள்வானா, கலை அவளுக்கு வரமா சாபமா என்ற கேள்விகள் 1930, 40-களின் தமிழ்நாட்டில் சட்டசபை வரை போனவை. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி 1927-லேயே மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியது 1936-ல். ஆடல் பாடல் விமர்சனத்தில் 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதிப் பெயர் வாங்கிய கல்கி இந்தச் சண்டைகளின் நடுவில் இருந்தவர். நம்ம ஊரிலேயே, 1929 பிப்ரவரியில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், துணையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

இப்போது நாவலின் முடிவைப் பாருங்கள். வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. ஒன்பது வருடம் கழித்து ஊர் திரும்பும் சிவகாமி, மாமல்லருக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் இருப்பதைப் பார்க்கிறாள். கடைசியில் ஏகாம்பரநாதர் சன்னதியில் இறைவனையே கணவனாக ஏற்றுக்கொள்கிறாள். 1946-ல் இந்த அத்தியாயம் வருகிறது. பெண்களைக் கடவுளுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் மெட்ராஸ் சட்டம் 1947-ல் வருகிறது. நடுவில் ஒரு வருடம்தான்.

இதை வைத்துக் கல்கி அந்தச் சட்டத்துக்கு எதிரானவர் என்று சொல்ல வரவில்லை. சிவகாமியை யாரும் நேர்ந்துவிடவில்லை, அவளே போகிறாள். ஆனால் அவளுக்கு வேறு என்ன வழி வைத்திருந்தார் ஆசிரியர் என்று யோசித்தால் எதுவுமே இல்லை. வாதாபியில் மாமல்லர் மாறுவேடத்தில் வந்து கூப்பிட்டபோது, சபதத்தை முடித்துவிட்டுக் கூட்டிப் போங்கள் என்று மறுக்கிறாள். நாவலில் அவள் தானாக எடுக்கும் பெரிய முடிவு அது ஒன்றுதான். அதற்குத் தண்டனை போலக் கல்யாணம், வீடு, குழந்தை எல்லாம் கை நழுவிப் போகிறது. மற்ற முடிவுகளை எல்லாம் அவள் இல்லாத அறைகளில் ஆண்கள் எடுக்கிறார்கள். இருபது வயதில் இது எனக்குச் சோகமாகத் தெரிந்தது. இப்போது வீட்டில் பெண் இருக்கிறாள், கோபம் வருகிறது. கல்கி ஜெயித்த இடமும் இதுதான் என்று நினைக்கிறேன். அவர் அழ வைக்க நினைத்து எழுதிய இடத்தில் எண்பது வருடம் கழித்து ஒரு பெண் கோபப்படுகிறாள் என்றால் சிவகாமிக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. சிவகாமிதான் ஏழாம் நூற்றாண்டுப் பெண் என்று நாம் முடிவு கட்டிவிட்டால், "அந்தக் காலத்தில் பெண்கள் காத்திருந்தார்கள், கடைசியில் கடவுளிடம் போனார்கள், அவ்வளவுதான்" என்று ஆகிவிடுகிறது. அது உண்மையா என்று கல்லைத்தான் கேட்க வேண்டும்.

பூஞ்சேரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குப் பெண்ணை எழுப்பி பைக்கில் கிளம்பினேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் பூஞ்சேரி. கல்வெட்டுக் குறிப்புகளில் 'நொண்டி வீரப்பன் தோப்பு' என்று வரும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதில் பல்லவர் கால எழுத்தில் வெறும் பெயர்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன் என்று போகிறது. மாமல்லபுரத்தில் வேலை செய்த சிற்பிகள் இவர்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ராஜா பெயர் இல்லை, தானம் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை.

அதில் எனக்குப் பிடித்தவர் கொல்லன் சேமகன். இரும்புக் கொல்லருக்குச் சிற்பிகள் நடுவில் என்ன வேலை என்று என் பெண் கேட்டாள். கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கிவிடும். திரும்பத் திரும்ப உலையில் காய்ச்சி, அடித்து, பதம் வைத்துக் கொடுக்க ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உளிக்குப் பதம் வைப்பவர் லீவு போட்டால் மொத்த சைட்டும் நின்றுவிடும். எங்கள் ஆபீஸில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் மாதிரி. அவர் பெயரையும் சேர்த்துக் கல்லில் எழுதியிருக்கிறார்கள். ஆயனர் கற்பனைதான், ஆனால் ஆயனர் நின்ற இடம் காலி இல்லை. பெயரோடு ஆட்கள் நிற்கிறார்கள்.

"இதுலயும் எல்லாம் ஆம்பளைங்கதானே?" என்றாள். இருட்டோடு எழுப்பிய கோபம் இன்னும் போகவில்லை.

வல்லம்

திரும்பி வந்து, வீட்டுக்குப் போகாமல் நேராக வல்லம் போனோம். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் ரோட்டில் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். அங்கே குன்றில் பல்லவர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. மேலே இருப்பது வேதாந்தீஸ்வரர் கோயில். மகேந்திரனுக்குக் கீழிருந்த வயந்தப்பிரியரின் மகன் கந்தசேனன் செய்வித்த தேவகுலம் இது என்று தூணில் தமிழிலேயே எழுதியிருக்கிறது. மகேந்திரனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு வடமொழியில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் கோயில் எடுத்தேன் என்று சொல்லும். வல்லத்தில் அந்தப் பெருமைப் பேச்சு கிடையாது. யார் மகன், யார் செய்வித்தது, முடிந்தது.

அங்கேயே திருமாலுக்குக் குடைந்த சின்னக் குடைவரை ஒன்று இருக்கிறது. பெரியதோடு ஒப்பிட்டால் ஒரு ரூம் அளவு. அதைச் செய்வித்தது பல்லவப் பேரரையர் மகள் கொம்மை என்கிறது கல்வெட்டு.

அவ்வளவுதான். ஒரு வரி. ஆனால் அதில் ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் இருக்கிறது. பேரரையர் என்றால் காஞ்சி மன்னராகவே இருக்க வேண்டும் என்பதில்லை, சிற்றரசர்களும் அதிகாரிகளும் தாங்கிய பட்டம் அது. அவள் அந்த மாதிரி ஒரு வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். அப்பா பெயரைச் சொல்லவில்லை, பட்டத்தை மட்டும் சொல்கிறது. பெயராக நிற்பது கொம்மைதான். கணவன் யார் என்ற பேச்சே இல்லை. கருங்கல்லைக் குடையக் கூலி கொடுக்க வேண்டும், உளிக்குப் பதம் வைக்கும் கொல்லருக்குக் கொடுக்க வேண்டும், கோயில் என்றால் நித்தியப் பூஜைக்கும் ஏற்பாடு வேண்டும். இதெல்லாம் ஒரு பெண் பெயரில் நடந்து, அவள் பெயரிலேயே பதிவும் ஆகியிருக்கிறது.

நான் இந்த இடத்துக்குக் குறைந்தது எட்டு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கந்தசேனன் தூணை போட்டோ எடுத்தேன். கொம்மையைப் பற்றிப் படித்தும் இருக்கிறேன். ஆனால் அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. என் குறிப்பு நோட்டில் 'மகேந்திரன் குடைவரைகள்' என்ற தலைப்புக்கு அடியில் அவளைப் போட்டிருந்தேன். தலைப்பே தப்பு என்று எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

கொம்மை தனி ஆளும் இல்லை. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் முன்னால் வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள் இருக்கிறதே, அதில் ஒன்று ரங்கபதாகை கட்டியது. ராஜசிம்மனின் ராணி. அந்தக் கல்வெட்டு வடமொழி. சிவனுக்குப் பார்வதி போல அவள் கணவனுக்குப் பிரியமானவள் என்று சொல்லி, இந்தக் கோயிலைக் கட்டியது அவள்தான் என்று முடிகிறது. பல்லவர் காலத்துக் காதலுக்குக் கல்லில் ஆதாரம் கேட்பவர்களுக்கு என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இதில் யாரும் யாருக்காகவும் ஒன்பது வருடம் காத்திருக்கவில்லை. புருஷன் பெரிய கோயில் கட்டுகிறான், பெண்டாட்டி வாசலில் தன் பங்குக்கு ஒன்று கட்டிப் பெயர் போட்டுக்கொள்கிறாள்.

இதனால் சிவகாமியைப் படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அந்த நாவல் இல்லாவிட்டால் நான் பல்லவர் பக்கமே வந்திருக்க மாட்டேன். என் பெண்ணும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் சிவகாமியை 1944-ன் பெண்ணாகவே படியுங்கள். ஏழாம் நூற்றாண்டுப் பெண் வேண்டுமென்றால், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து பதினைந்து நிமிஷத்தில் வல்லம்.

அன்று வல்லத்தில் என் பெண் பாறைமேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் அந்தச் சின்னக் குடைவரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இவளுக்கு எத்தனை வயசு இருக்கும்ப்பா?" என்றாள். தெரியாது என்றேன். "கட்டி முடிச்சதும் வந்து பார்த்திருப்பா இல்ல?" என்றாள். அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும், பார்த்திருப்பாள் என்றுதான் சொன்னேன்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். கல்வெட்டின்மேல் எண்ணெய், குங்குமம் தடவ வேண்டாம், கையால் தேய்த்துப் பார்க்கவும் வேண்டாம். சாய்ந்த வெயிலில் எழுத்து தானாகவே தெரியும். என் நோட்டில் கொம்மைக்குத் தனிப் பக்கம் போட்டாகிவிட்டது.